கலங்கலாகவே இருக்கட்டும்

2025 ஜூன் 9-ஆம் தேதி 'ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோன்' என்ற அமெரிக்க ஃபங்க் இசைக்குழுவின் தலைவர் ஸ்லை ஸ்டோன் இறந்தார். வயது 82. செய்தி பரவியதும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு அவர் பாட்டுகளைப் போட ஆரம்பித்தோம். பெரும்பாலும் அறுபதுகளின் உற்சாகப் பாட்டுகள், 1969 உட்ஸ்டாக் இசைவிழாவில் பின்னிரவில் அவ்வளவு பெரிய கூட்டத்தை எழுப்பி ஆடவைத்த அந்தக் காணொளி. நான் 1971-இல் வந்த 'தேர்ஸ் எ ரயட் கோயின் ஆன்' (கலவரம் நடக்கிறது) ஆல்பத்திலிருந்து 'ஃபேமிலி அஃபேர்' பாட்டைப் போட்டேன். ஒலிப்பதிவுக்கூடத்தில் வேலை பார்க்கும் நண்பன் ஒருவன் குழுவில் உண்டு. அவன் கீழே எழுதினான்: "மனுஷன் மேதைதான், ஒத்துக்கறேன். ஆனா இந்த ஆல்பத்தை எல்லாரும் சரித்திரத்துக்காகத்தான் கேக்கறீங்க. இன்னிக்கு ஒருத்தன் இப்படி மிக்ஸ் பண்ணிட்டு வந்தா காசு குடுக்காம திருப்பி அனுப்பிடுவேன்."

இரங்கல் நேரத்தில் எதற்கு வாதம் என்று விட்டுவிட்டேன். ஆனால் அவன் சொன்னது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. காரணம், அவன் சொன்னதில் பாதி உண்மை. அந்த ஆல்பத்தின் ஒலி, ஒலிப்பதிவுப் பாடப்புத்தகம் எதுவும் ஒப்புக்கொள்ளாத ஒலி. மறுபாதிதான் நெருடியது. சரித்திரத்துக்காகத்தான் கேட்கிறேனா? ஐம்பது வருடத்துக்கும் முந்தைய அமெரிக்காவின் அரசியல் சோர்வை நினைத்துக்கொள்ளவா ராத்திரி பாத்திரம் கழுவும்போது இதைப் போடுகிறேன்?

முதலில் அவன் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு 'ரயட்' ஆல்பத்தைக் கேட்டால் ஒரு மெல்லிய 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் எப்போதும் கூடவே வரும். உச்சஸ்தாயி ஒலிகள் மழுங்கிப்போயிருக்கும். கிட்டார் எங்கோ பக்கத்து அறையிலிருந்து வரும். பித்தளை வாத்தியங்கள் மிக்ஸின் அடியில் கிடக்கும். குரல் மட்டும் சில சமயம் காதுக்குள் வந்து முனகும், அடுத்த வரியில் காணாமல்போகும். புதுவெள்ளம் வந்த ஆற்றில் காலால் கூழாங்கல்லைத் தேடுவதுபோலத்தான் இதில் ஒவ்வொரு வாத்தியத்தையும் தேட வேண்டும்.

இது ஏன் இப்படி ஆனது என்பது ரகசியமில்லை. ஆல்பத்தின் பெரும்பகுதி லாஸ் ஏஞ்சலிஸில் பெல் ஏர் பகுதியின் மாளிகை ஒன்றில் உருவானது. ஸ்லை படுக்கையில் படுத்தபடியே சில பாட்டுகளைப் பாடினார் என்பார்கள். குழுவாக உட்கார்ந்து வாசிப்பது குறைந்துபோய், ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து தன் பங்கை வாசித்துவிட்டுப் போனார்கள். பாதிக்கு மேல் வாத்தியங்களை அவரே வாசித்து, பதிந்ததன்மேலேயே மேலும் மேலும் பதிந்து ஓவர்டப் செய்தார், அழித்தார், திரும்பப் பதிந்தார். அந்தக் கால டேப் என்பது பிளாஸ்டிக் நாடாமேல் பூசிய காந்தப் பொடிதானே. ஒவ்வொரு முறை டேப் இயந்திரத்தின் ஹெட்டில் உரசிப் போகும்போதும் அந்தப் பொடி கொஞ்சம் உதிரும். முதலில் போவது மேல்ஸ்தாயி. ஜால்ராச் சத்தத்தின் மினுமினுப்பு போய்விடும், பேஸும் முணுமுணுப்பும் தங்கும். எடுத்த டேப்பையே மறுபடி மறுபடி ஓட்டியதில் ஆல்பம் கேட்பவர் கைக்கு வருவதற்கு முன்பே கிழமாகிவிட்டது.

தொழில் தெரியாதவர் செய்த வேலை இல்லை இது. ஸ்லை ஸ்டோன் என்கிற சில்வெஸ்டர் ஸ்டூவர்ட், பாடகராகப் புகழ்பெறும் முன்பே சான்ஃபிரான்சிஸ்கோவில் வானொலி அறிவிப்பாளர், இசைத்தட்டுத் தயாரிப்பாளர். 1964-இல் பாபி ஃப்ரீமனுக்கு அவர் தயாரித்துக் கொடுத்த பாட்டு அமெரிக்கப் பட்டியலில் முதல் பத்துக்குள் போனது. 1969-இல் வந்த 'ஸ்டாண்ட்!' ஆல்பத்தைப் போட்டுப் பாருங்கள், கண்ணாடி மாதிரி இருக்கும். எப்படிச் சுத்தமாகப் பதிவது என்று தெரிந்த மனிதர் இந்தக் கலங்கலைக் கேட்டுவிட்டு, சரி, இதையே வெளியிடலாம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். போதையில் செய்தார் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். போதை இருந்தது, நிறைய இருந்தது. ஆனால் போதையில் இருந்த எத்தனையோ பேரின் தட்டுகளை இன்று யாரும் சீந்துவதில்லையே.

வழக்கமான கதை

இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே ஒரு கதை வந்துவிடும். கறுப்பரும் வெள்ளையரும், ஆணும் பெண்ணும் சரிசமமாக நின்று வாசித்த குழு. அறுபதுகளின் நம்பிக்கையின் முகம். பிறகு படுகொலைகள், வியட்நாம், கலவரங்கள். நம்பிக்கை செத்தது, அந்தச் சாவின் ஒலிதான் 'ரயட்'. இசை விமர்சகர் கிரெய்ல் மார்கஸ் 1975-இல் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு இந்த வாசிப்பு கிட்டத்தட்டச் சட்டமாகிவிட்டது. தப்பு என்று சொல்ல மாட்டேன். 1971 மே மாதம் பாடகர் மார்வின் கே 'வாட்ஸ் கோயிங் ஆன்' (என்ன நடக்கிறது) என்று கேட்டிருந்தார். நவம்பரில் இந்தத் தலைப்பு அதற்குப் பதிலாக வந்து நின்றது என்றே பலரும் எடுத்துக்கொண்டார்கள். அட்டையில் அமெரிக்கக் கொடி. ஆனால் நீலம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு, நட்சத்திரங்கள் இருக்க வேண்டிய இடத்தில் சூரியன்கள்.

இதிலும் ஒரு குறும்பு உண்டு. ஆல்பத்தின் பெயரிலேயே ஒரு பாட்டு முதல் பக்கத்தின் கடைசியில் இருக்கிறது. அதன் நீளம் 0:00. அதாவது பாட்டே இல்லை. கலவரம் எதுவும் இருக்கக் கூடாது என்று நினைத்ததால் அப்படி வைத்தேன் என்று பல ஆண்டுகள் கழித்து ஸ்லையே விளக்கம் சொன்னார். 1970 ஜூலையில் சிகாகோவின் கிரான்ட் பார்க்கில் இவர்களுடைய இலவசக் கச்சேரிக்கு வந்த கூட்டம், குழு மேடையேறும் முன்பே கலவரத்தில் இறங்கி, போலீஸாரும் மக்களுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் காயம்பட்டார்கள். பழி ஸ்லைமேல் விழுந்தது. அவர் கச்சேரிகளுக்கு வராமல் டபாய்ப்பவர் என்ற பெயர் ஏற்கெனவே இருந்ததால் அது ஒட்டிக்கொண்டும் விட்டது. அந்தச் சம்பவம் தெரிந்தால் 0:00 வேறு மாதிரித் தெரியும்.

எல்லாம் சரி. ஆனால் இந்தக் கதையில் எனக்கு ஒரு பிரச்சினை. ஒரு காலகட்டத்தின் ஆவணம் என்றால் அதை ஒரு முறை படித்துவிட்டு அலமாரியில் வைத்துவிடலாம். மனம் உடைந்த மனிதர்கள் 1971-இல் வேறு பல தட்டுகளும் போட்டார்கள். சோகம் மட்டுமே ஒரு இசைத்தட்டை ஐம்பது வருடம் ஓட்டாது. அதுவும் இது ஃபங்க். உடம்பு ஆடவில்லை என்றால் எவ்வளவு அரசியல் இருந்தும் பிரயோஜனமில்லை. 'ரயட்' கேட்கும்போது என் உடம்பு ஆடுகிறது. கொஞ்சம் தயங்கித் தயங்கி ஆடுகிறது, அதுதான் விஷயம்.

அந்தப் பெட்டி

குழுவின் டிரம்மர் கிரெக் எரிக்கோ 1971 தொடக்கத்தில் விலகினார். முதலில் வெளியேறியவர் அவர்தான். ஸ்லையிடம் மேஸ்ட்ரோ ரிதம் கிங் என்று ஒரு தாளப்பெட்டி இருந்தது. ஹோட்டல் மூலையில் தனியாக ஆர்கன் வாசிப்பவருக்குத் துணையாக ஓடுவதற்கென்று செய்த சாதனம். பொத்தானை அழுத்தினால் ஏற்கெனவே உள்ளே வைத்திருக்கும் தாளக்கட்டு ஓடும்: டிக்கு டிக்கு, டொக்கு டொக்கு. அதில் டிரம்ஸ் ஒலியைத் தேடினால் கிடைக்காது, டிரம்ஸின் நிழல்தான் கிடைக்கும். ஸ்லை அதை ஃபங்க் பாக்ஸ் என்று கூப்பிட்டார்.

பிற்காலத்தில் இதைப் பற்றி எரிக்கோவே பெருந்தன்மையோடு பேசியிருக்கிறார். தன் இடத்தைப் பிடித்த பெட்டி அது, ஞாபகம் வையுங்கள். பெட்டியின் தாளம் எங்கே தொடங்குகிறதோ அங்கே பாட்டைத் தொடங்காமல் ஸ்லை அதைத் தலைகீழாகத் திருப்பிப் பயன்படுத்தினார் என்பது அவர் கவனித்த விஷயம். நம் ஊர்க் கச்சேரி கேட்டவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம்: எடுப்பை, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடத்தை, மாற்றிவிட்டார். பெட்டி தன் சமம், அதாவது தாளச் சுற்றின் முதல் அடி, என்று நினைத்துக்கொண்டிருக்கும் இடம் வேறு, பாட்டின் சமம் வேறு.

இன்னொரு டிரம்மர் இல்லாத கதையும் இங்கே பொருந்தும். குழுவின் பேஸ் கிட்டார் வாசிப்பாளர் லேரி கிரஹாம் சிறு வயதில் தன் அம்மாவோடு சேர்ந்து கிளப்களில் வாசித்தவர். அவர்களிடம் டிரம்மர் கிடையாது. அந்த இடத்தை நிரப்ப, கட்டைவிரலால் தந்தியை அடித்து பேஸ் டிரம்மாகவும், விரலால் சுண்டி இழுத்து ஸ்னேர் டிரம்மாகவும் அவர் மாற்றினார். இன்று உலகம் முழுக்க ஃபங்க் பேஸ் என்றால் அந்தப் பாணிதான். டிரம்மர் இல்லாத குறையை ஒரு மனிதன் உடம்பால் நிரப்பியதில் பிறந்த இசை அது. அதே குழுவில் சில வருடங்களில் டிரம்மர் இல்லாத இடத்தை ஒரு பெட்டி நிரப்புகிறது. கிரஹாமும் 1972-இல் போய்விட்டார்.

தொடையில் தட்டியபோது

நண்பனின் செய்தி வந்து சில நாட்கள் கழித்து, ரயிலில் ஜன்னலோர இருக்கையில் 'ஃபேமிலி அஃபேர்' கேட்டுக்கொண்டிருந்தேன். வழக்கமாகப் பாட்டில் எதைக் கேட்பேனோ அதையெல்லாம் விட்டுவிட்டுத் தொடையில் தாளம் மட்டும் போட்டுப் பார்த்தேன். எங்கள் வீட்டில் வேறு எதுவும் சொல்லிக்கொடுக்காவிட்டாலும் கச்சேரிக்குப் போனால் தாளம் போடச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். முதலில் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். டிக்கு டிக்கு. அசையாத காலப்பிரமாணம். ஸ்லையின் தங்கை ரோஸ் ஸ்டோன் பல்லவியைப் பாடும்போது ஒரு சிக்கலும் இல்லை. பாட்டு முழுவதிலும் வெளிச்சமான குரல் அவருடையதுதான். பெட்டியின்மேல் நேராக உட்கார்ந்து பாடுகிறார்.

அப்புறம் அண்ணன் வந்தார். ஸ்லையின் குரல் இதில் கீழ்ஸ்தாயியில் வருகிறது, 'ஸ்டாண்ட்!' பாடிய அந்த ஆர்ப்பாட்டக் குரல் இல்லை. ஒவ்வொரு வரியையும் கொஞ்சம் தாமதமாக ஆரம்பிக்கிறார். வரி முடிய வேண்டிய இடத்தில் முடிக்காமல் இழுக்கிறார், இழுத்துவிட்டுப் பாதியில் விட்டுவிடுகிறார். பில்லி பிரெஸ்டனின் மின்பியானோ இடையிடையே நாலு ஸ்வரத்தைத் தெளித்துவிட்டு ஒதுங்குகிறது. பேஸ் பெட்டியோடும் இல்லை, குரலோடும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடத்தில் தள்ளாடுகிறது. என் கைக்கு யாரைப் பிடிப்பது என்று தெரியவில்லை. குரலோடு போனால் பெட்டி முன்னால் ஓடிவிடுகிறது. பெட்டியோடு போனால் பாட்டு கையை விட்டுப் போகிறது. கை தானாகவே அரைக்கால் மாத்திரை தள்ளிப் போட ஆரம்பித்தது. எதிரில் இருந்தவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

அந்தத் தள்ளாட்டத்தில்தான் எனக்கு விடை கிடைத்தது என்று நினைக்கிறேன். நல்ல டிரம்மர் என்றால் பாடகர் தாமதித்தால் கூடவே தாமதிப்பார். அவர் சாய்ந்தால் தோள் கொடுப்பார். பெட்டி அதைச் செய்யாது. அது எதையும் கேட்பதில்லை. அதன்மேல் பாடுகிற மனிதனின் ஒவ்வொரு தடுமாற்றமும், சோம்பலும், மூச்சு வாங்குதலும் அளவுகோல் பக்கத்தில் வைத்ததால் துல்லியமாகத் தெரிகிறது. இந்த ஆல்பம் பழசாகாததன் காரணம் 1971 இல்லை; வளையத் தெரியாத ஒன்றுக்கும் நேராக நிற்க முடியாத ஒருவருக்கும் நடக்கிற இழுபறி. அது பாட்டில் எங்கேயும் தீர்வதில்லை. அதனால் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் காது அதைத் தீர்த்துவைக்கப் பார்க்கிறது.

பாட்டின் விஷயமும் அதுதான் என்பது அப்புறம்தான் உறைத்தது. ஒரு தாய்க்கு இரண்டு பிள்ளைகள், ஒருவன் படிப்பாளி, ஒருவன் உதவாக்கரை, தாய்க்கு இருவரும் ஒன்று. தானாடாவிட்டாலும் தன் சதையாடும் என்று நாம் சொல்வதை அவர் தன் பாணியில் சொல்கிறார். உறவைப் பற்றி இவ்வளவு இதமாகப் பாடும் பாட்டில் குழுவில் பாதிப்பேர் இல்லை. இது 1971 டிசம்பரில் அமெரிக்காவின் முதலிடத்துக்குப் போனது. தாளப்பெட்டியை வைத்துக்கொண்டு அந்த உயரத்துக்குப் போன ஆரம்பப் பாட்டுகளில் ஒன்று.

இழுபறி என்று பிடிபட்ட பிறகு ஆல்பத்தின் கடைசிப் பாட்டையும் வேறு மாதிரிக் கேட்க முடிந்தது. 1969 டிசம்பரில் 'தேங்க் யூ' என்று ஒரு தனித்தட்டு போட்டு முதலிடம் பிடித்தார்கள். கிரஹாமின் கட்டைவிரல் பேஸ் உச்சத்தில் இருக்கும் பாட்டு, கேட்டவுடன் எழுந்து நிற்க வைக்கும். 'ரயட்' முடியும் இடத்தில் அதே பாட்டை எடுத்து, வேகத்தைக் குறைத்து, ஏழு நிமிடத்துக்கு இழுத்து, பாதித் தூக்கத்தில் பாடுகிறார்கள். சொற்கள் அதே, பேஸ் வரி கிட்டத்தட்ட அதே. முதலில் இரண்டாவதை ஒரு விரக்திச் சேட்டை என்றுதான் வைத்திருந்தேன். இப்போது அடுத்தடுத்துக் கேட்டால், மெதுவான பாட்டில் ஒவ்வொரு பேஸ் ஸ்வரத்துக்கும் முன்னால் ஒரு காத்திருப்பு இருக்கிறது. விழுமா விழாதா என்று இடுப்பு காத்திருக்கிறது. வேகமான பாட்டில் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை.

ஆல்பத்தில் எல்லாமே இப்படி என்று சொல்ல மாட்டேன். 'ஸ்பேஸ்டு கவ்பாய்' பாட்டில் அவர் குரலை உடைத்து உடைத்துக் கூவி யோடல் செய்வது ஒரு முறை சிரிப்பு, அதற்கப்புறம் தள்ளிவிட்டுப் போகலாம். 'ஆஃப்ரிக்கா டாக்ஸ் டு யூ' எட்டரை நிமிடத்துக்கு மேல் போகிறது. நடுவில் மூன்று நிமிடம் யாருமே வீட்டில் இல்லை. 'ரன்னின் அவே' மட்டும் சின்ன ரத்தினம். ஓடி ஒளிபவனைப் பார்த்து ஹா ஹா என்று சிரிப்பதையே மெட்டாக்கி, அதை ரோஸ் ஒரு குழந்தைப் பாட்டின் எளிமையோடு பாடுகிறார். கேலி யாரை நோக்கி என்று கேட்டால் அண்ணனைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

இதில் எனக்கு ஒரு சங்கடமும் உண்டு. நான் ரசிக்கிற இந்தத் தள்ளாட்டம் ஒரு மனிதன் நிஜமாகவே தள்ளாடியதன் பதிவு. அவர் அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் வாழ்ந்தாலும் இந்த உயரத்துக்குத் திரும்பவே இல்லை. குழு கலைந்தது, காசு போனது, வழக்குகள் வந்தன. அவர் சீரழிந்ததால்தான் ஆல்பம் நன்றாக இருக்கிறது என்று எழுதும் விமர்சகர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். சீரழிவு எல்லாருக்கும் வருகிறது. பெட்டியின் சமத்தைத் திருப்பிப் போடும் காது எல்லாருக்கும் வருவதில்லை. அந்தக் காது அந்த நிலைமையிலும் வேலை செய்துகொண்டிருந்தது என்பதுதான் வியப்பு.

இசை செய்பவர்கள் இதைக் கேட்டுக் கற்றுக்கொண்டார்கள். ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1972-இல் போட்ட 'ஆன் த கார்னர்' ஆல்பத்துக்குப் பின்னால் ஸ்லை இருக்கிறார். இன்னொரு ஜாஸ் கலைஞர் ஹெர்பி ஹேன்காக் 1973-இல் 'ஹெட் ஹன்டர்ஸ்' ஆல்பத்தில் ஒரு பாட்டுக்கு 'ஸ்லை' என்றே பெயர் வைத்தார். 2000-இல் பாடகர் டி'ஆஞ்சலோவின் 'வூடு' வந்தபோது, டிரம்ஸ் வேண்டுமென்றே தாளத்துக்குப் பின்னால் சறுக்குவதைக் கேட்டுப் பலர் புதுசு என்றார்கள். புதுசுதான், ஆனால் அதன் தாத்தா யார் என்று தெரியும்.

கழுவிப் பார்த்தான்

இவ்வளவையும் நண்பனிடம் போனில் சொன்னேன். அவன் விடவில்லை. "அப்ப உனக்கு ஃப்ரெஷ்தான் இன்னும் பிடிக்கணுமே" என்றான். நியாயமான கேள்வி. 1973-இல் வந்த 'ஃப்ரெஷ்' இதற்கு அடுத்த ஆல்பம். அதிலும் பெட்டி உண்டு, ஆனால் கூடவே ஆண்டி நியூமார்க் என்ற புது டிரம்மர். முதல் பாட்டு 'இன் டைம்' பாட்டில் பெட்டிக்கும் அவருக்கும் நடக்கும் பேச்சுவார்த்தையைக் கேட்டால் எந்த டிரம்மருக்கும் தூக்கம் போய்விடும். ஒலியும் சுத்தம். வேலைத்திறனில் அது ஒரு படி மேல் என்று நானே சொல்வேன். ஆனால் அங்கே பெட்டிக்குப் பதில் சொல்ல ஒரு ஆள் வந்துவிட்டார். இரண்டு பேரும் சமாதானமாகிவிட்டார்கள். ரசிக்கிறேன், வியக்கிறேன், வைத்துவிடுகிறேன். 'ரயட்' பக்கம்தான் திரும்ப வருகிறேன்.

அவன் சும்மா இருப்பவனா? குரல், பேஸ், தாளம் என்று ஒரு பாட்டைத் தனித்தனியாகப் பிரித்துத் தரும் மென்பொருள்கள் இப்போது இருக்கின்றன. 'ஃபேமிலி அஃபேர்' பாட்டை அதில் போட்டுப் பிரித்து, இரைச்சலை எடுத்து, மேல்ஸ்தாயிக்குக் கொஞ்சம் மெருகேற்றி, தன் கைவரிசையில் மிக்ஸ் செய்து அனுப்பினான். கேட்டேன். எல்லாம் அதனதன் இடத்தில் தெளிவாக இருந்தது. பெட்டி ஒரு ஓரத்தில் டிக்கு டிக்கு என்றது, நடுவில் ஒருவர் உடம்பு சரியில்லாத குரலில் பாடிக்கொண்டிருந்தார், இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் இருந்தது. அந்த இரைச்சலும் மழுங்கலும்தான் இருவரையும் ஒரே அறையில் வைத்திருந்திருக்கின்றன. இழுபறி நடக்க வேண்டும் என்றால் இருவரும் ஒரே அறையில் இருக்க வேண்டாமா? இதைச் சொன்னதும் அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. தானும் ரெண்டு தடவை கேட்டதாகவும், ஏதோ குறைகிறது என்று தோன்றியதாகவும் ஒப்புக்கொண்டான். "சரி அதை விடு. இதுல பாபி வோமாக் வாசிச்ச கிட்டார் இப்பத்தான் ஒழுங்கா கேக்குது, அதையாவது ஒத்துக்கோ" என்றான்.

ஒத்துக்கொண்டேன். கிட்டார் நன்றாகத்தான் கேட்டது.